ஜிப்ஸிக்கு வீட்டுலயே ஹெடர்: பள்ளத்தூர் கொட்டகை நாட்குறிப்பு

ஜனவரி 18
பொங்கலுக்கு ஊருக்கு வந்த எடத்துல என் மாருதி ஜிப்ஸி டிக் டிக்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. பழைய கார்புரேட்டர் வண்டி, 1.3 லிட்டர். காலைல ஸ்டார்ட் பண்ணா சத்தம், சூடானா கொறையுது. வால்வத் தட்டுற டேப்பட்டுனு நெனச்சு ஒரு நாள் வீணாப்போச்சு. கழட்டுனா இன்ஜின் பொகைய வெளிய கொண்டு போற வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட்ல ரெண்டாவது போர்ட்டுக்கும் (பொகை வர்ற வாய்) மூணாவதுக்கும் நடுவுல விரிசல், சூடாகி விரியிறப்ப அதுவா மூடிக்குது, அதான் சத்தம் அடங்குனது. பழசத் தேடி அலையறதுக்கு நாமளே பைப்புல ஒண்ணு (அதத்தான் ஹெடர்ம்பாங்க) செஞ்சா என்னன்னு புத்தி போச்சு.

ஜனவரி 20
நாட்டரசன்கோட்டைல செவ்வாய்ப் பொங்கல், வீட்டுல எல்லாரும் கெளம்பிட்டாங்க. நிம்மதியா உக்காந்து கணக்கு போட்டேன். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க வெடிக்கிற வரிசை 1-3-4-2, அதனால 1ஐயும் 4ஐயும் ஒரு ஜோடி, 2ஐயும் 3ஐயும் இன்னொரு ஜோடி, கடைசில ரெண்டும் ஒண்ணாகும். நாலையும் ஒரே எடத்துல சேத்தா மேல் ஆர்பிஎம்ல நல்லாருக்கும், ஆனா நான் ஓட்டுறது காரைக்குடி ரோட்டுலயும் கண்மாய்க் கரையிலயும், எனக்கு கீழதான் இழுவை வேணும்.

ஜனவரி 23
கிரில் பட்டறைல கைப்பிடி போடுற எஸ்.எஸ். பைப் கெடைக்கிது, 38 மில்லி, வளைவும் ரெடியா இருக்கு. காந்தம் ஒட்டல, அப்ப நல்ல ரக எஸ்.எஸ். 304தான்னு வாங்கப் போனேன். பட்டறை அண்ணன் சிரிச்சாரு. "தம்பி, மட்ட ரகம் 202லயும்தான் ஒட்டாது." இதத் தெரியாமத்தான் இத்தன நாளா பெரிய ஆளு மாதிரி காந்தத்த பையில வச்சிட்டு சுத்திருக்கேன். பில்லோட 304 வேற எடத்துல வாங்குனோம். நாக முலாம் பூசுன ஜிஐ பைப் சல்லிசா இருக்கேன்னும் கேட்டேன், அது வேணவே வேணாம்னுட்டாரு. வெல்டிங் சூட்டுல துத்தநாகம் பொகையாகி ராத்திரி காய்ச்சல்ல நடுங்க விட்ருமாம்.

ஜனவரி 26
பைப்புகள இன்ஜினோட சேக்குற ஃபிளாஞ்சுக்கு 10 மில்லி இரும்புத் தகடு, பழைய கேஸ்கெட்ட வச்சு கோடு போட்டு வெட்டுனது. போர்ட்டுகளுக்கு நடுவுல ரம்பத்தால கீறி விட்டேன். 304 பைப் 400 மில்லி நீளம் 500 டிகிரி சூடு ஏறுனா மூணு மில்லிக்கு மேல நீளும், தகடு அந்த அளவுக்கு நீளாது, எடம் குடுக்கலன்னா எங்கயாச்சும் கிழியும்.

கொட்டகைல கரண்டு பத்தலன்னு மெஷின முகப்புக்கு கொண்டு போனேன், ஆயா வாசல்ல நின்னுட்டாங்க. "ஆத்தங்குடிக் கல்லுல ஒரு பொறி விழுந்துச்சு, வண்டியோட ஒன்னையும் வெளிய தள்ளிருவேன்." சாக்க நனச்சு விரிச்சேன், அதுக்கும் ஒத்துக்கல. கடைசில கனமான ஒயர் இழுத்து கொட்டகைக்கே திரும்புனேன்.

ஜனவரி 31
நாலு பைப்பும் வண்டி மேலயே வச்சு டாக் (சும்மா புள்ளி புள்ளியா வெல்டு) அடிச்சாச்சு. பாக்க அம்சமா இருந்துச்சு, போட்டோல்லாம் எடுத்தேன். அப்பறம் நட்டு முடுக்கலாம்னு 12 நம்பர் ஸ்பானர எடுத்தா மூணாவது போர்ட்டுக் கீழ் நட்டுக்கு ஸ்பானர் போகவே மாட்டேங்குது, பைப்பு அது மேல படுத்துக் கெடக்கு. ஒரு வாரமா நீளம் சமமா இருக்கா, வளைவு அழகா இருக்கான்னு பாத்தவன் நட்ட பாக்கல. ரெண்டு பைப்ப அறுத்து திரும்ப ஆரம்பிச்சேன். இந்த தடவ ஒவ்வொரு டாக்குக்கும் முன்னாடி ஸ்பானர விட்டுப் பாத்தேன். இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல ஆடும்ல, அதுக்கு சேஸிஸ்லேருந்து ரெண்டு விரல் எடமும் விட்டாச்சு.

பிப்ரவரி 4
முழு வெல்டு பட்டறை அண்ணன் கையில, ஆர்கான் வாயுவோட அடிக்கிற டிக் (TIG) வெல்டிங்ல. பைப்போட வாயெல்லாம் அலுமினியத் தாள வச்சு அடச்சு உள்ள ஆர்கான் விட்டாரு, இல்லன்னா வெல்டோட உள்பக்கம் கரிஞ்சி பொரிப்பொரியா ஆயிரும். ஃபிளாஞ்ச் ஓரத்துக்கு மட்டும் 309எல் கம்பி, ஒரு பக்கம் இரும்பு ஒரு பக்கம் எஸ்.எஸ்.ங்கறதால. ஃபிளாஞ்ச ஒரு காயலான் சிலிண்டர் ஹெட்ல முடுக்கி வச்சுத்தான் வெல்டு அடிச்சாரு. "ஆறட்டும், தொடாத"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனாரு. நான் தொட்டேன். கழட்டிட்டேன்.

பிப்ரவரி 5
இடுக்க அளக்குற ஃபீலர் கேஜ் வச்சா ஒரு ஓரத்துல 1 மில்லி தூக்கல். அண்ணன் ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. லேத் பட்டறைல முகத்த தேச்சு சமப்படுத்தியாச்சு.

பிப்ரவரி 8
மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். பழைய சைலன்சர் அப்பிடியே இருக்கறதால ஊரக் கூட்டுற சத்தமெல்லாம் இல்ல. நாலாவது போர்ட்ல லேசா உஸ்ஸுனுச்சு, ஆறவிட்டு (ஆமா, இந்த தடவ ஆறவிட்டேன்) நட்ட திரும்ப முடுக்குனதும் நின்னுருச்சு. பைப்பெல்லாம் வைக்கோல் நெறத்துக்கு மாறிட்டு வருது, ஃபிளாஞ்ச் பக்கத்துல நீலம்.

ஆயா வந்து குனிஞ்சு பாத்தாங்க. மிச்சமிருந்த ரெண்டடி பைப்ப கையில எடுத்து, "இது துருப்பிடிக்காதுல்ல? ரெண்டாங்கட்டுல துண்டு போடக் கம்பி இல்லாம இருக்கு"ன்னாங்க. நாளைக்கி அத மாட்டணும்.