வாடைக்காற்றும் எங்கள் குப்பைக் குவியலும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கார்த்திகைக் காலையில், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். மழை விட்டிருந்தது, வாடைக்காற்று மட்டும் ஓயவில்லை. "பிள்ளை, குறை நினைக்காதே. இரவெல்லாம் யன்னலைப் பூட்டிக்கொண்டுதான் படுத்தோம். பேத்திக்குச் சோறு இறங்கவில்லை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அயல் வீட்டுக் குப்பையைப் பற்றி வாய் திறக்க நேர்ந்துவிட்டதே என்று அவர் கூசிக்கொண்டு நின்றதுதான் என்னைச் சுட்டது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், விசுவமடுவில் எங்கள் வீடு. மதியச் சோற்றுப் பார்சல் கட்டிக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுப்பது என் தொழில். நாளைக்கு 60 பார்சல். மரக்கறித் தோல், வாழைப்பூ மடல், கீரைத் தண்டு, தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, மீன் செதில், குடல் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 15 கிலோ வரும். இவ்வளவையும் வளவின் வடகிழக்கு மூலையில் இருந்த ஒரு குழியில் கொட்டி வந்தேன். அது பசளைக்காக வெட்டிய குழி அல்ல, போர்க்காலத்துப் பதுங்குகுழி. 2010இல் மீளக்குடியேறி வந்தபோது பாதி தூர்ந்து கிடந்தது. மீதியைக் குப்பை நிரப்பட்டும் என்று விட்டுவைத்தோம். வாடை வடகிழக்கிலிருந்து வீசும் என்பதும், பெரியம்மாவின் வீடு எங்களுக்குத் தென்மேற்கே இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் என் தலையில் ஒன்றாகச் சேர்ந்தன.

அப்பாவும் அக்கராயனில் குழியில்தான் குப்பை தாட்டார். ஒரு நாளும் மணத்ததில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். அவருடைய குழியில் விழுந்தவை மாட்டெரு, முற்றம் கூட்டிய சருகு, வேலி வெட்டும்போது கழித்த பூவரசங்குழை. அவர் அவசரப்படவும் இல்லை, ஒரு மாரிக்குப் போட்டதை அடுத்த மாரிக்கு முன்தான் எடுப்பார். என் குழியில் விழுந்தது முழுவதும் ஈரமான சமையல் கழிவு. அதற்கு மேலே மழைநீரும் ஊறி நின்றது. காற்றில்லாத சேற்றில் வேறு வகை நுண்ணங்கிகள் பெருகும். அவை கந்தகத்தை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும், அதுதான் அழுகிய முட்டை மணம். புளித்த, கக்கிய மணமும் அதே சேற்றில் உண்டாகும் அமிலங்களால் வருவதுதான். மூக்கைக் குத்துகிற மூத்திர மணம் வேறு, அது அமோனியா. அமோனியாவில் இருப்பது நைதரசன். நாங்கள் கடையில் யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கும் அதே நைதரசன்.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நாற்றத்தை வேறு கண்ணால் பார்க்கிறேன். பெரியம்மாவின் யன்னலுக்குள் போனது என் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போயிருக்க வேண்டிய பசளை. மணத்தைக் குறைப்பதற்கு ஒரு வேலை, விரைவாக உக்க வைப்பதற்கு இன்னொரு வேலை என்று இரண்டு இல்லை. காற்றும் ஈரமும் அளவாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

அங்கு போய்ச் சேரும் முன் இரண்டு தவறுகள் செய்தேன். ஒருவர் சொன்னார் என்று சுண்ணாம்பு தூவினேன். முட்டை மணம் குறைந்தது, ஆனால் மறுநாள் கிட்டப் போனால் கண் எரிந்தது. சுண்ணாம்பின் காரம் குப்பையில் இருக்கும் நைதரசனை அமோனியா வாயுவாகக் கிளப்பிவிடும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாலும் இதுவேதான் நடக்கும். ஒரு பிடி சாம்பலால் கேடில்லை, கடகக் கணக்கில் வேண்டாம். பிறகு, உக்கலைத் துரிதப்படுத்தும் என்று விற்கும் நுண்ணங்கித் திரவம் ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன். நீரில் மூழ்கிக் கிடக்கும் குப்பைக்கு எந்த நுண்ணங்கியைக் கொடுத்து என்ன பயன்? அந்தக் காசுக்கு இரண்டு உரப்பை உமி வாங்கியிருக்கலாம். வேண்டிய நுண்ணங்கிகள் மாட்டுச் சாணத்திலும் பழைய எருவிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. புதிய குவியலுக்கு ஒரு கடகம் பழைய எருவே போதும் என்பது இன்று என் உறுதியான முடிவு.

குப்பையை நிலத்துக்கு மேலே கொண்டுவந்தேன். கதியால் நட்டு, கம்பிவலை சுற்றி, நான்கடி அகலம், நான்கடி நீளம், நான்கடி உயரத்தில் மூன்று கூடுகள். அடியில் ஒரு முழம் உயரத்துக்குச் சுள்ளியும் பனைமட்டைத் துண்டுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டேன். கீழிருந்து காற்று ஏறும், மேலிருந்து நீர் வடியும். மூன்றடிக்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது, அதனால் சிறிய வாளிகளில் செய்பவர்களுக்கு இந்த வேகம் கிடைக்காது.

அடுத்தது சேர்மானம். நுண்ணங்கிகளுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். மீன் கழிவில் நான்கைந்து பங்குதான் காபன் இருக்கிறது. வைக்கோலில் 60க்கு மேல். மரத்தூளில் நூற்றுக்கணக்கில். நான் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டரை வாளி உலர்ந்தது, அவ்வளவுதான். உலர்ந்தது என்றால் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலும் சருகும், அதோடு கொஞ்சம் உமி. உமி எளிதில் உக்காது, அதில் சிலிக்கா அதிகம். ஆனால் அது நசுங்காமல் கிடந்து குவியலுக்குள் காற்றுக்கு வழி விடுகிறது, அந்தக் குணத்துக்காகவே சேர்க்கிறேன். வாழைத்தண்டையும் கோவாத் தண்டையும் விரல் அளவுக்கு வெட்டிப் போடுகிறேன். அதைவிடச் சிறிதாக அரைத்தால் களியாகி மறுபடியும் காற்று அடைபடும். எண்ணெய்க் குழம்பு மிச்சத்தைச் சேர்ப்பதில்லை.

ஈரத்துக்கு ஒரு கைச் சோதனை இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப் பார்த்தால் சரி. வழிந்தால் வைக்கோல் போட வேண்டும். கை திறந்ததும் உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வன்னியில் வைகாசி முதல் ஆவணி வரை வீசும் உலர்ந்த காற்றில் குவியலின் ஓரம் இரண்டே நாளில் காய்ந்து கறையான் ஏறிவிடும். கறையானைக் கண்டால் அங்கே உக்கல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதனால் கூடுகளை வேப்பமரத்தின் கீழே மாற்றினேன். மாரியில் மேலே கிடுகு. பொலித்தீன் விரித்துப் பார்த்தேன், அது மழையோடு சேர்த்துக் காற்றையும் மறித்தது.

பத்து நாளில் முதல் கூடு நிரம்பும். நிரம்பியதும் இரண்டாவதுக்குப் புரட்டுகிறேன், ஐந்து நாளில் மூன்றாவதுக்கு, இன்னும் ஐந்து நாளில் வெளியே நிழலுக்கு. அங்கே நாலு வாரம் ஆறவிடுகிறேன். வெளியில் கிடந்ததை உள்ளேயும், உள்ளே கிடந்ததை வெளியேயும் போடுவதில்தான் கவனம் வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உருவான முறைப்படி இரண்டு நாளுக்கு ஒரு முறை புரட்டினால் 18 நாளில் எரு கிடைக்கும். ஒரு கூட்டுக்கு அப்படிச் செய்தும் பார்த்தேன். எரு நன்றாக வந்தது, ஆனால் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சமைப்பவளுக்கு அது தொடர்ந்து முடியாத வேலை. என் முறையில் தொடக்கத்திலிருந்து ஏழு வாரம் எடுக்கிறது. குழியில் எட்டு மாதம் எடுத்ததையும் நினைத்துப் பார்க்கிறேன்.

சூட்டை அறிய என்னிடம் இருப்பது இரும்பு அலவாங்கு. குவியலின் நடுவில் இறக்கிவிட்டு ஒரு தேநீர் குடித்து முடித்து வந்து இழுத்தால், உள்ளே இருந்த நுனியைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ண முடியாது. 55 பாகை செல்சியசுக்கு மேல் மூன்று நாள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். 70ஐத் தாண்டினால் நமக்கு வேண்டிய நுண்ணங்கிகளும் சாகும், அப்போது நாள் பார்க்காமல் உடனே புரட்ட வேண்டும். தைக் குளிரில் விடியும் நேரம் முதல் மண்வெட்டி விழுந்ததும் ஆவி எழும்பும். உள்ளே வைக்கோலின் மேல் சாம்பல் பூத்ததுபோல வெண்மையான இழைகள் படர்ந்திருக்கும். முதலில் பூஞ்சணம் என்று பயந்தேன். அவை பெரும்பாலும் அக்ரினோமைசீற்றிசு எனும் பற்றீரியாக்கள். வைக்கோலைக் கரைப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. கோடை முடிந்து முதல் மழை விழும்போது நிலத்திலிருந்து கிளம்பும் மணம் இருக்கிறதே, அதற்கும் இந்த இனம்தான் காரணம். மூன்றாவது புரட்டலில் என் குவியலிலும் அந்த மணம் வரத் தொடங்குகிறது.

மீன் கழிவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் தம்பியிடம் வாங்கும் சூடையும் பாரையும் வெட்டிய கழிவு ஒரு மணி நேரம்கூட வாளியில் கிடக்கக் கூடாது. சூடேறிய குவியலின் நடுவில் முழங்கை அளவு குழி தோண்டி, மரத்தூளில் புரட்டி உள்ளே வைத்து, சுற்றிலும் ஒரு சாண் தடிப்பில் வைக்கோல் அடைத்து மூடுகிறேன். அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்கு முடிந்த எருவைப் பரப்புகிறேன். இந்தப் போர்வைதான் முக்கியம். கீழிருந்து எழும்பும் வாயுவை எருவின் ஈரம் பிடித்துக்கொள்ளும், அதிலுள்ள நுண்ணங்கிகள் அதைத் தின்றுவிடும். அடுத்த புரட்டலில் தலையோடும் முள்ளும் தவிர ஒன்றும் மிஞ்சுவதில்லை. முன்பெல்லாம் இரவில் நாய்கள் வந்து கிளறும், காட்டுப்பன்றிகூட இரண்டு முறை வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. இந்தப் போர்வை போடத் தொடங்கிய பின் அவை எட்டிப் பார்க்கவில்லை.

உக்கி முடியாததை நிலத்தில் போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது, நவம்பரில் தடையை விலக்கியது. அந்த இடைவெளியில் இங்கே எல்லாரும் அவசர அவசரமாகக் கூட்டெரு செய்தோம். என் தம்பியும் வைக்கோல் வைக்கோலாகவே தெரிந்த எருவைத் தன் வயலில் கொட்டினான். பயிர் மஞ்சளித்தது. முழுதும் உக்காத வைக்கோலை உடைக்க நுண்ணங்கிகளுக்கு நைதரசன் வேண்டும், அதை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிருக்குக் கிடைக்காது. கூட்டெருவின் மேல் அவனுக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. அது அவன் பிழை இல்லை, யாரும் அவனுக்கு நாலு வாரம் ஆறவிடச் சொல்லவில்லை. நான் இப்போது ஒரு பிடி எருவை நனைத்து, மூடியுள்ள போத்தலில் அடைத்து, மூன்று நாள் கழித்துத் திறந்து முகர்கிறேன். மண் மணம் வந்தால் எடுப்பேன். புளிப்பு மணம் வந்தால் இன்னும் இரண்டு வாரம் நிழலில் கிடக்கட்டும்.

பதுங்குகுழி வெட்டியபோது மேலே வந்த கிரவலும் அடிமண்ணும்தான் எங்கள் பின்வளவு. அதில் பல ஆண்டுகள் அறுகுகூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை. மூன்று போகம் எரு போட்ட பின் இப்போது அங்கே பயிற்றை கொடி ஓடியிருக்கிறது. குழியில் பாதியை மூடிவிட்டேன், மீதிக்கு இந்த ஆண்டு எருவும் மண்ணும் கலந்து நிரப்பி ஒரு தோடை வைக்க எண்ணம். பெரியம்மா தன் கறிவேப்பிலைக்கு மாதம் ஒரு கடகம் எரு எடுத்துப் போகிறார்.

இன்னொன்று. மாசியில் அறுவடை இயந்திரம் போன பின் வயலெல்லாம் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது. நெல்லோடு போவது கொஞ்சம்தான். எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுதும் புகையோடு போகும், சாம்பலில் மிஞ்சுவதை முதல் மழை அள்ளிக்கொண்டு போகும். தர்மபுரம், விசுவமடு, கல்மடுப் பக்கம் வயல் உள்ளவர்கள் கொளுத்துவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தம்பியின் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்து நானே ஏற்றிக்கொண்டு போகிறேன், ஏற்றுக்கூலி என்னுடையது. பதிலுக்கு எரு வேண்டும் என்றால் ஏழு வாரம் பொறுக்க வேண்டும்.