பெயர் இல்லாதவர் தீட்டிய கண்ணீர்

லண்டன் நேஷனல் கேலரியில் காவல் பணியில் இருந்த ஆண்டுகளில், ஒரு குறிப்பிட்ட ஓவியம் இருக்கும் அறை எனக்கு ஒதுக்கப்பட்டால் அன்று காலையிலேயே மனம் நிறைந்துவிடும். இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி அது. சுமார் 1500-இல் ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. உயரம் 75 செ.மீ.தான். அதற்குள் ஏணி, ஏணியின் உச்சியில் ஓர் இளைஞன், சோர்ந்து சரியும் தாய் மரியாள், அவரைத் தாங்கும் சீடர் யோவான், தரையில் ஒரு மண்டையோடு என எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன.

வரைந்தவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் வேலை செய்தவர். அவர் தீட்டிய புனித பர்த்தலோமேயு பலிபீட ஓவியம் ம்யூனிக்கில் இருப்பதால், அதை வைத்தே அவரை அடையாளம் சொல்கிறார்கள். இதே காட்சியை அவர் பெரிய அளவில் தீட்டியது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால், "பெயரே தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிடுபவர்களே அதிகம். ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கும்.

ஒருநாள் பள்ளிக் குழந்தைகள் வந்திருந்தார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுவன் ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன் பூசிய மரப்பெட்டிக்குள் வண்ணச் சிலைகளை நிறுத்தியதுபோல ஓவியர் தீட்டியிருக்கிறார். அக்காலத் தேவாலயங்களில் அப்படிச் செதுக்கிய பலிபீடங்கள் உண்டு. சிலைகளுக்கு வண்ணம் பூசுவதும் ஓவியர்களின் வேலைதான்.

"உள்ளே குழிவாக இருக்கிறதா?" என்று கேட்டான்.

"தட்டைப் பலகைதான்" என்றேன். அவன் நம்பவில்லை. மறுபக்கம் போயும் பார்த்தான். பார்வையாளர்கள் தாண்டக்கூடாத கோட்டுக்கு இப்பால் அவனை நிறுத்தி, அழும் முகங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தவன், "இப்போது விழுந்துவிடும்" என்றான்.

அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு நானும் அருகில் போய்ப் பார்த்தேன். தினையளவு கண்ணீர்த் துளிதான். கன்னத்தின் நிறம் அதனூடே தெரிகிறது, விளிம்பில் வெளிச்சம் நிற்கிறது. தன் பெயரை எழுதி வைக்காத மனிதர் இந்தத் துளிக்கு எத்தனை பொறுமையைக் கொடுத்திருக்கிறார்!

அதன்பின் யாராவது "வரைந்தது யார்?" என்று கேட்டால், "கொலோன்காரர் ஒருவர். கொஞ்சம் குனிந்து அந்தக் கன்னத்தைப் பாருங்கள்" என்று சொல்லத் தொடங்கினேன். பலர் குனிந்தார்கள்.