முதுகில் பாஸ், இடுப்பு மூட்டில் ஃபெயில்

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு 30 சென்ட் தேயிலை இருக்கிறது. ஆள் கிடைக்காத நாளில் நானே கொழுந்து பறிப்பேன். வயது 63. போன வருடம் மழை முடிந்த கையோடு, குனிந்தால் நிமிர முடியாமல் போனது. எக்ஸ்ரே பார்த்தவர், "எலும்பு தேய்மானம், வயசானா வரும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கூடக் கொஞ்சம் கால்சியம் மாத்திரை.

வலி விடவில்லை. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. மெட்டியைச் சோப்பு போட்டுக் கழற்றி, எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் 'மோடிக் டைப் 2' என்று இருந்தது. பிரதமர் பெயர் இங்கே எப்படி வந்தது என்று முழித்தேன். 1988-ல் முள்ளெலும்பில் தெரியும் இந்த மாற்றங்களை வகை பிரித்த மருத்துவரின் பெயராம்.

கோவை டாக்டர் படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அதன் நடுப்பகுதிக்கு ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்பின் மூடித்தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. வயதாக ஆகத் தட்டு கெட்டிப்படும், கீறல் விடும், டிஸ்க் வற்றும். வற்றிய டிஸ்க் பாரத்தைச் சரியாகத் தாங்காது, அந்த அடி திரும்ப எலும்பின் மேலேயே விழும். எனக்குத் தட்டை ஒட்டிய மஜ்ஜை கொழுப்பாகியிருந்தது. அதுதான் டைப் 2. ஓரங்களில் எலும்பு முளைத்தும் இருந்தது. தேய்ந்துவிட்டது என்று சொன்ன இடத்தில் எலும்பு கூடியிருக்கிறது!

அப்புறம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முந்தின நாளே கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்துப் படுத்தால் போதும், கால் மணி நேரத்தில் முடிந்தது. இளவயது எலும்போடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள், அதற்கு டி-ஸ்கோர் என்று பெயர். கீழ்முதுகில் மைனஸ் 0.9. நல்ல மார்க்தானே என்று சிரித்தேன்.

"அதை நம்பாதீங்கம்மா" என்றார். முளைத்த எலும்பையும் கெட்டிப்பட்ட தட்டையும் சேர்த்தே மெஷின் கணக்குப் போட்டுவிடுமாம். இடுப்பு மூட்டில் மைனஸ் 2.7. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரைதான், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். முதுகை மட்டும் எடுத்திருந்தால் தெரிந்தே இருக்காது. இரண்டு கோளாறையும் 'தேய்மானம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இப்போது எலும்புப்புரைக்கு வாரம் ஒரு மாத்திரை. ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. கோத்தகிரிக் குளிரில், அடுப்பில் டீ கொதிக்கும் வாசனையோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.