சேட்டக் இன்ஜினில் இன்டேக் டைமிங் அளப்பது

பழைய டூ-ஸ்ட்ரோக் பஜாஜ் சேட்டக்கில் டைமிங் என்றாலே ஸ்பார்க் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட்டைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு டைமிங், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும் இன்டேக் டைமிங், கிராங்கிலேயே இருக்கிறது. வெஸ்பா வழி வந்த இந்த இன்ஜினில் கிளட்ச் பக்க வெப்பின் (கிராங்கின் வட்டத் தட்டு) விளிம்புதான் வால்வு. விளிம்பில் வெட்டுப்பட்ட பகுதி கேஸில் (கிராங்கை மூடியிருக்கும் இன்ஜின் கூடு) உள்ள இன்டேக் துவாரத்துக்கு நேரே வரும்போது கலவை உள்ளே போகும். இந்த டைமிங்கை மாற்றி வைக்க ஸ்குரூ கிடையாது. அளக்கலாம், தேவைப்பட்டால் வெப்பை அரம் போடலாம்.

முதலில் டிடிசி, அதாவது பிஸ்டன் எட்டும் உச்சிப் புள்ளி. ஃப்ளைவீலில் டிகிரி டிஸ்க், கேஸ் போல்ட்டில் முள்ளாக ஒரு கம்பி. ஹெட்டைக் கழற்றி, ஸ்டட்டுகளுக்குக் குறுக்கே பட்டை பூட்டி, அதன் நடு போல்ட்டில் பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்பே முட்டும்படி செய்யுங்கள். இரு திசையிலும் சுற்றி, முட்டும் இரண்டு அளவுக்கும் நடுப்புள்ளியே டிடிசி. கண்ணால் பிடித்தால் தப்பும். உச்சியில் பிஸ்டன் நகர்வதே தெரியாது.

பட்டையை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் இருந்த துவாரம் வழியே 0.05 மி.மீ. ஃபீலரை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வெப்பின் ஓரத்தில் வைத்து, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். ஃபீலர் நுழையும் இடம் திறப்பு. பிடிபடும் இடம் மூடல்.

தினசரி ஓட்டும் வண்டிக்கு டிடிசிக்கு முன் 115–120°-ல் திறந்து, பின் 60–65°-ல் மூடினால் தாராளம். கலவையைக் கேஸிலிருந்து சிலிண்டருக்குள் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் போர்ட் 120° அகலம் திறந்திருக்கும் சிலிண்டரில், அது மூடுவதே டிடிசிக்கு 120° முன்னால்தான். அதற்கும் முன்பே இன்டேக்கைத் திறப்பதில் பிரயோஜனமில்லை. மூடலைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. பிஸ்டன் இறங்க ஆரம்பித்ததும் கலவை வந்த வழியே திரும்பும்: ஏர் ஃபில்டர் பெட்டி எண்ணெயில் நனையும், ஐட்லிங்கில் இன்ஜின் நிலையாக ஓடாது, டவுனுக்குள் இழுவை போய்விடும். வேகத்துக்காக 70° தாண்டுவது ரேஸ் வண்டிக்குச் சரி, காய்கறி வாங்கப் போகிற வண்டிக்கு வேண்டாம்.

அரம் போடும் முன் கணக்கு: வெப்பின் விட்டம் × 3.14 ÷ 360. விட்டம் 86 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 0.75 மி.மீ. திறப்பை முன்னே கொண்டுவர, துவாரத்தை விட்டு விலகும் ஓரம். மூடலைத் தள்ள, வந்து மூடும் ஓரம். கேஸ் துவாரத்தைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி வெப்பை ஒட்டியிருக்கும் பேடில் சீல் செய்யும் இடமே கொஞ்சம்தான். கிராங்கைக் கழற்றி, பேரிங்கையும் கனெக்டிங் ராடையும் துணியால் இறுகச் சுற்றிவிட்டுத்தான் அரம். புது கிராங்க் வாங்கினால், கேஸை மூடுமுன் பழையதோடு சேர்த்து வைத்து வெட்டு ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள்.

பேடில் கோடு விழுந்திருந்தால் இத்தனை அளவும் வீண். மெயின் பேரிங் ஆடி வெப் உரசினாலோ, ஃபில்டர் இல்லாமல் மணல் போனாலோ கோடு விழும். வெப் துவாரத்தை மூடிய நிலையில் கொஞ்சம் டூ-டி ஆயில் ஊற்றிப் பாருங்கள். மெதுவாகக் கசிந்தால் பரவாயில்லை. ஊற்றியதும் இறங்கிவிட்டால் கேஸை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பேடைச் சரிசெய்த பிறகுதான் டிகிரி டிஸ்க்.