லேசர் அடிச்சா தழும்பு போயிருமான்னு கேக்குறவங்களுக்கு

என் கைய பாக்குறவங்க எல்லாரும் இப்ப கேக்குறது இதத்தான், லேசர் அடிச்சியாமே, எங்க அடிச்ச, எவ்வளவு ஆச்சு, முழுசா போயிருமா? ஹட்டன் பஸ்ல கேக்குறாங்க, தேர் திருவிழாவுல கேக்குறாங்க, ஸ்கூல்ல இன்டர்வெல்ல டீச்சர்மார் கைய புடிச்சு திருப்பித் திருப்பி பாக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரேயடியா இங்க எழுதிடுறேன். முழுசா போகாது. மெதுவாகும், தட்டையாகும், செவப்பு குறையும், அரிப்பு நிக்கும், கை நல்லா மடங்கும். ஆனா தோல் பழையபடி ஆகாது, ஆகும்னு யாராச்சும் சொன்னா அந்த எடத்துல காசு கட்டாதீங்க.

எனக்கு கேத்தல் கவுந்து கொதி தண்ணி ஊத்துனது, முழங்கைக்கு கீழ இருந்து மணிக்கட்டு கிட்ட வரைக்கும். புண் ஆற ரொம்ப நாள் எடுத்துச்சு, மூணு வாரத்தையும் தாண்டிருச்சு. அப்பறம்தான் தெரிஞ்சிச்சு, தீப்புண்ணு மூணு வாரத்துக்கு மேல ஆறாம கெடந்தா தழும்பு தடிச்சு எழும்புற சான்ஸ் ரொம்ப கூடன்னு. ஆறி முடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் நிம்மதியா இருந்த நேரத்துலதான் அது மேல எழும்ப ஆரம்பிச்சது, கருஞ்செவப்பா, தடிப்பா, ராத்திரியில பனி எறங்குனதும் அரிப்பு தாங்க முடியாது. அம்மா ஒரு பக்கம், "கைதானடி, மொகமா என்ன, அதுக்கு ஏன் காச கொட்டுற"ன்னு. தேயிலைக் கொழுந்து எடுக்குற கைய வச்சுக்கிட்டு அம்மா சொல்றது ஆச்சரியம்தான், கை மடங்கலன்னா என்ன ஆகும்னு அவங்களுக்கு தெரியாதா.

கிளினிக்ல டொக்டர் மொதல்ல பாத்தது தழும்போட எல்லை. புண்ணு இருந்த எடத்துக்குள்ளேயே தடிச்சு நிக்கிதா, இல்ல அத தாண்டி நல்ல தோலுக்குள்ளேயும் பரவுதா. உள்ளேயே நின்னா ஹைப்பர்ட்ரோஃபிக், தாண்டி வளந்தா கெலோயிட். எனக்கு மொத வகை, அது வருஷக்கணக்குல தானாவும் கொஞ்சம் அடங்கும். எங்க சித்திக்கு காது குத்துன எடத்துல வந்தது ரெண்டாவது வகை, தோடு போட்ட ஓட்டைய சுத்தி உருண்டையா வளந்துச்சு. அத ஒரு எடத்துல சும்மா வெட்டி மட்டும் விட்டாங்க, கொஞ்ச மாசத்துல முந்தியத விட பெருசா வந்து நிக்கிது. கெலோயிட வெட்டிட்டு வேற ஒண்ணும் செய்யலன்னா நூத்துக்கு 45 பேர்ல இருந்து 100 பேர் வரைக்கும் திரும்பி வரும்னு மருத்துவ புத்தகத்துலயே இருக்கு, அதனாலதான் வெட்டுன கையோட ஊசி, காதுக்கு அமுக்குற கிளிப், சில பேருக்கு கதிர் வைத்தியம்னு சேத்து செய்யிறாங்க. நம்மள மாதிரி கருத்த தோலுக்கு கெலோயிட் வர்றதும் கூட, நெஞ்சு, தோள்பட்டை, காது இந்த மூணு எடமும் கவனம்.

தழும்பு ஏன் தடிக்கிதுன்னா, புண்ண மூடுறதுக்கு ஒடம்பு அவசரமா கொலாஜன்னு ஒரு நார்ப் புரதத்த போட்டு நெரப்புது, வேலை முடிஞ்சப்பறமும் நிப்பாட்ட மாட்டேங்குது. அப்பறமா அத ஒடைச்சு ஒழுங்கா அடுக்குற வேலை ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நடக்கும். எவ்வளவு நல்லா ஆறுனாலும் அந்த எடத்து பலம் பழைய தோல்ல 80 வீதத்துக்கு மேல வராது. இதெல்லாம் புரிஞ்சதுக்கு அப்பறம் எனக்கு கோபம் கொஞ்சம் அடங்குச்சு, நம்ம ஒடம்பு நமக்கு எதிரா ஒண்ணும் செய்யல, கூடுதலா செஞ்சிருச்சு அவ்வளவுதான்.

எனக்கு மொதல்ல குடுத்தது லேசர் இல்ல, தழும்பு மேல ஒட்டுற சிலிக்கோன் ஷீட். இத யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, பிளாஸ்டர் ஒட்டுறதுக்கா கண்டி வரைக்கும் போனன்னு சிரிச்சாங்க. ஆனா அது தோல்ல ஈரத்த தக்க வச்சு உள்ளுக்குள்ள கொலாஜன் போடுற வேகத்த கொறைக்குது, ஒரு நாளைக்கு கொறைஞ்சது 12 மணித்தியாலம் ஒட்டி இருக்கணும், ரெண்டு மூணு மாசம் விடாம. கழுவி காய வச்சு திரும்ப ஒட்டலாம். கொழுந்து எடுக்க மலைக்கு போறவங்களுக்கு ஷீட் சரி வராது, வேர்வை, மழை, இடுப்புல படங்கு, கூடைக் கயிறு எல்லாம் உரசி கழண்டுரும், அவங்க ஜெல் வாங்கி பூசிக்கிறது மேல். அதோட எண்ணெய் போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை அழுத்தி தடவுறது. தடவுறதுன்னா மெல்ல தடவுறது இல்ல, தழும்பு வெளிறிப் போற அளவுக்கு அமுக்கணும். பெரிய தீப்புண்ணுக்கு இறுக்கமான சட்டை தைச்சு குடுப்பாங்க, அத 23 மணித்தியாலமும் போடணும், குளிக்கிற நேரம் மட்டும் கழட்டலாம்.

அப்பறம் ஊசி. டிரையம்சினலோன்னு ஒரு ஸ்டெரொய்ட், தழும்புக்குள்ளேயே ஏத்துவாங்க, மில்லிலீற்றருக்கு 10ல இருந்து 40 மில்லிகிராம் வரைக்கும், நாலு ஆறு வாரத்துக்கு ஒருக்கா. பொய் சொல்ல மாட்டேன், வலிக்கும், தழும்பு கெட்டியா இருக்குறதால மருந்து உள்ள போகவே மாட்டேங்கும், நர்ஸ் மிஸ் கைய புடிச்சுக்குவாங்க. ஆனா எனக்கு அரிப்பு நின்னது இதுலதான். பக்கவிளைவும் இருக்கு, அளவு கூடுனா தோல் மெலிஞ்சு குழி விழும், ஊசி போட்ட எடம் வெளுத்துப் போகும், பொம்பள புள்ளைங்களுக்கு பீரியட்ஸ் முன்ன பின்ன ஆகலாம், யாரும் முன்கூட்டி சொல்லலன்னா பயந்துருவீங்க, அதான் இங்க சொல்றேன். சில டொக்டர்மார் இதோட 5-ஃப்ளூரோயூரசில்னு ஒரு மருந்தும் சேத்து போடுவாங்க, அது கேன்சருக்கு குடுக்குற மருந்து, அதனால வயித்துல புள்ள இருக்குறவங்களுக்கு போடக்கூடாது.

இனி லேசருக்கு வருவோம். லேசர்னு ஒண்ணு இல்ல. செவப்புக்கு பல்ஸ் டை லேசர், அதோட ஒளி அலைநீளம் 595 நனோமீற்றர், ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அந்த ஒளிய உறிஞ்சி சின்ன சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகும், தழும்புக்கு சாப்பாடு குறையும், செவப்பும் அடங்கும். அடிச்ச எடம் ஒரு வாரம் பத்து நாளைக்கு ஊதா கலர்ல கண்ணிப் போய் இருக்கும். தடிப்புக்கும் இறுக்கத்துக்கும் காபனீரொட்சைட்டு (CO2) லேசர், 10,600 நனோமீற்றர், அது தோல்ல இருக்குற தண்ணிய சூடாக்கி அந்த எடத்த ஆவியாக்கிரும். முந்தியெல்லாம் மேல் தோல முழுசா செதுக்கி எடுப்பாங்களாம், ஆற ரொம்ப நாள் ஆகும். 2004ல வந்த ஃபிராக்‌ஷனல் முறையிலதான் இடியப்ப உரல் தட்டுல இருக்குற ஓட்டை கணக்கா புள்ளி புள்ளியா மட்டும் துளைச்சு நடுவுல நல்ல தோல விட்டு வைக்கிறாங்க, அந்த நல்ல தோல்ல இருந்து சீக்கிரமா ஆறிருது, ஆறும்போது கொலாஜன் கொஞ்சம் ஒழுங்கா அடுக்குது.

எனக்கு நல்லா வேல செஞ்சது இந்த துளை போடுற லேசரையும் அந்த ஊசி மருந்தையும் சேத்ததுதான். லேசர் துளை போட்ட உடனே அதுக்கு மேல டிரையம்சினலோன ஊத்தி தேய்ச்சாங்க, ஊசியில ஏறாத மருந்து அந்த துளை வழியா எறங்கிருது. மரத்துப்போற கிரீம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கே பூசிருவாங்க, அதனால வலிய விட அந்த தீஞ்ச வாசம்தான் மனசுல நிக்கிது. அப்பறம் சில நாளைக்கு சொரசொரன்னு பொருக்கு, பிச்சு எடுக்கக்கூடாது, வெஸ்லின் பூசிக்கிட்டே இருக்கணும். அடுத்த தடவைக்கு ஒண்ணு ரெண்டு மாசம் விடுவாங்க. ஒரே தடவையில எல்லாம் மாறாது, மூணாவது நாலாவது தடவைக்கு அப்பறம்தான் கைய தொட்டா வித்தியாசம் தெரியும்.

நம்ம தோலுக்கு இருக்குற பெரிய சிக்கல் நிறம். தோலுக்கு கருப்பு குடுக்குற மெலனின் கூட இருக்குறதால லேசர் சூடு அதுலயும் ஏறும், அளவு கூடுனா தழும்பு கொறைஞ்சு அந்த எடமே கருகருன்னு ஆகிரும், சில நேரம் வெளுத்தும் போகும். விஷயம் தெரிஞ்ச டொக்டர் லேசர் சக்திய கொறைச்சு, புள்ளிய தூரம் தூரமா வச்சு, மொதல்ல ஒரு சின்ன எடத்துல அடிச்சு பாத்துட்டுதான் மிச்சத்த தொடுவார். டவுன்ல ஒரு பியூட்டி சென்டர்ல நான் விசாரிச்சப்ப என் கைய கூட பாக்கல, கெலோயிடா என்னன்னு ஒரு கேள்வி இல்ல, "ஆறு செஷன் பேக்கேஜ் எடுத்தா டிஸ்கவுண்ட் மிஸ்"ங்குறாங்க. தழும்புக்கு டிஸ்கவுண்டாம்.

வெயில் விஷயத்த தனியா சொல்லணும். இங்க குளிரு, மூடுபனி, வெயிலே இல்லையேன்னு நெனைப்போம். ஆனா ஒவ்வொரு 1,000 மீற்றர் உசரத்துக்கும் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட 10 வீதம் கூடும், நுவரெலியா 1,868 மீற்றர்ல இருக்கு, மெல்லிசு மேகம்னா 80 வீதம் வரைக்கும் ஊடுருவி வந்துரும். லேசர் அடிச்ச கைய முழுக்கை சட்டையில மூடி வைங்க, வெளிய தெரியிற எடத்துக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்கிரீன். கடையில டப்பா லேபல் இல்லாம விக்கிற வெள்ளையாக்குற கிரீம் மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, அதுல ஸ்டெரொய்டும் பாதரசமும் கலந்து வர்றது உண்டு.

பரு வந்த குழிக்கும் இதே லேசரான்னு தங்கச்சிமார் கேக்குறீங்க. அது வேற கணக்கு, அங்க தோல் கூடல, கொறைஞ்சிருக்கு. ஊசியால அடியில இழுத்துப் புடிக்கிற நார அறுத்து விடுறது, குறுகலான ஆழக் குழிக்கு அமிலம் தொட்டு வைக்கிறது, சின்ன சின்ன ஊசியால குத்துற மைக்ரோநீட்லிங், அதோட லேசர்னு குழியோட வடிவத்த பாத்து கலந்து செய்வாங்க. பரு இன்னும் வந்துக்கிட்டு இருந்தா மொதல்ல அத நிப்பாட்டணும்.

காசு கேக்குறீங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி தோல் கிளினிக்ல பாக்குறது இலவசம், கிளினிக் கொப்பி போட்டு ஊசியையும் மத்த வைத்தியத்தையும் அங்க கேளுங்க. ஆனா இலவசம்னாலும் தோட்டத்துல இருந்து போறவங்களுக்கு அன்னைக்கு பேரு, அதான் ஒரு நாள் வேலைக் கணக்கு, போயிரும், நாள் சம்பளமும் பஸ் காசும் சேத்து நட்டம்தான். நான் லேசர மட்டும்தான் வெளியில காசு கட்டி செஞ்சேன், அதுவும் சீட்டு எடுத்து. அதனாலதான் சொல்றேன், ஷீட்டும் மசாஜும் ஊசியும் செஞ்சு பாக்காம நேரா லேசருக்கு ஓடாதீங்க. மூட்டுல தோல் இழுத்து கை கால் நீட்டவே முடியலன்னா அதுக்கு லேசர் பத்தாது, பிளாஸ்டிக் சர்ஜனத்தான் பாக்கணும்.

யாருக்காச்சும் இன்னைக்கு சுட்டுருச்சுன்னா பல்பசை, சாம்பல், முட்டை ஒண்ணும் வேணாம், ஓடுற பீலி (குழாய்) தண்ணியில 20 நிமிஷம் புடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, அதுலயே தழும்பு வர்றத கொஞ்சமாச்சும் கொறைக்கலாம்.

அப்பறம் கல்யாணம் வச்சிருக்கிற புள்ளைங்க, ஆவணியில முகூர்த்தம்னா ஆடியில வந்து லேசர் கேக்காதீங்க. ஒரு வருஷத்துக்கு முன்னுக்கே ஆரம்பிங்க, கடைசி லேசருக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம் விடுங்க, கருத்துப் போனா அது தெளியவும் நேரம் வேணும்ல.