பதக்கத்தின் விளிம்பைப் படிக்கப் பழகிய கதை

பழைய பட்டாளப் பொருள் சேர்க்கிறேன் என்றால் வாள், தோட்டா, ஹெல்மெட் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வாள், தோட்டா பக்கமே நான் போவதில்லை, சிங்கப்பூரில் ஆயுதச் சட்டம் எவ்வளவு கடுமை என்பது தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து இந்தியப் படையின் பதக்கங்கள், தொப்பிச் சின்னங்கள், பொத்தான்கள், இவ்வளவுதான் என் சேகரிப்பு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்து, இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். அந்தக் கூட்டத்தில் இருந்த நம்மவர்களின் பெயர் எங்காவது உலோகத்தில் மிஞ்சியிருக்கிறதா என்ற தேடல்தான் இந்தப் பொழுதுபோக்கு.

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியதிலிருந்து ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பதில்லை. பழைய நாணயம், தபால்தலை விற்கிற கடைகள், தனியார் இணைய விற்பனை, யாராவது வீடு காலி செய்தால் வெளியே வருகிற பெட்டிகள் என்று சிதறிக் கிடக்கிறது. நாணயம் சேர்க்கிற பெரியவர் ஒருவர் ஆரம்பத்திலேயே சொன்னார்: "தம்பி, ராஜா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, ஓரத்தைத் திருப்பிப் பாருங்க." அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது போகப் போகத்தான் புரிந்தது.

ஒரே வகைப் பதக்கம் என்றால் முகப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். 1939-45 போர்ப் பதக்கத்தின் முன்பக்கம் ஆறாம் ஜார்ஜ், பின்பக்கம் இரட்டைத் தலை டிராகனின் மேல் நிற்கும் சிங்கம், அச்சடித்தது லட்சக்கணக்கில். பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் விளிம்பில் பெயர் பொறித்தவை கிடைக்கின்றன, எனக்கு வேண்டியதும் அவைதான்.

இப்போது கையில் இருப்பது ஓர் இந்தியச் சேவைப் பதக்கம். 36 மில்லிமீட்டர் வட்டம், செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், பின்பக்கம் பிரிவினைக்கு முந்தைய இந்திய வரைபடம். விளிம்பை விளக்கடியில் மெதுவாகச் சுற்றினால் முதலில் எண், அடுத்து ஸாப்பர் (பொறியாளர் படைச் சிப்பாய்) என்பதன் ஆங்கிலச் சுருக்கம், பிறகு சந்தேகமே இல்லாத ஒரு தமிழ்ப் பெயர், கடைசியில் படைப்பிரிவு. எழுத்துகள் ஒரே ஆழத்தில் இறங்கவில்லை, பெயரின் நடுவில் ஓர் எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது. லூப் என்கிற சிறு உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் மேல்பரப்பில் இருக்கிற அதே பழுப்பு படிந்திருக்கிறது. பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டுப் புதுப் பெயர் அடித்திருந்தால் பள்ளம் மட்டும் பளிச்சென்று இருக்கும், விட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் நான் வாங்கப் போவதில்லை. விளிம்பின் நாலு இடத்தில் அளந்து பார்ப்பேன், அளவு ஓரிடத்தில் மாறினாலும் விலை பேசுவதை நிறுத்திவிடுவேன்.

செட்டாக ரிப்பனோடு கோத்து விற்பவற்றுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை போர்முனையில் இருந்தவர்களுக்கு பசிஃபிக் ஸ்டார் என்கிற நட்சத்திர வடிவப் பதக்கம். பர்மா முனைக்கு பர்மா ஸ்டார். இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஸ்டார்தான், மற்றதற்கு ரிப்பனில் குத்த ஒரு பட்டை கொடுப்பார்கள். ஆகவே இரண்டு ஸ்டாரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் அந்தக் கட்டு ஒரே சிப்பாயுடையது இல்லை, பின்னால் யாரோ சேர்த்துக் கோத்தது. இப்படி ஒன்றைச் சில வாரங்களுக்கு முன் பார்த்தேன், "ஒரே குடும்பத்துச் சொத்து" என்ற விளம்பரத்தோடு. ரிப்பன் பளபளவென்று இருந்தது, புற ஊதா டார்ச் அடித்ததும் நீல வெள்ளையில் ஜொலித்தது. பழைய பருத்தி அப்படி ஜொலிக்காது. ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் ஜொலிக்கும், அதனால் டார்ச்சை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இங்கே ஸ்டார்கள் இரண்டு, ரிப்பன் புதுசு, இரண்டும் சேர்ந்ததால் வாங்காமல் வந்துவிட்டேன்.

தொப்பிச் சின்னத்துக்குக் கிரீடம் ஒரு நல்ல தடயம். 1901 முதல் எலிசபெத் பட்டத்துக்கு வரும்வரை இருந்த கிரீடத்தின் மேல்வளைவு குடை விரித்த மாதிரி உருண்டிருக்கும், 1953க்குப் பிறகு வந்ததில் நடுவே உள்ளே அமுங்கியிருக்கும். இப்போது சார்ல்ஸ் மறுபடி உருண்ட கிரீடத்துக்கே போய்விட்டதால் கிரீடத்தை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்ல முடியாது. பின்பக்கம் தண்டு பற்றவைத்த விதம், ஈயப் பூச்சின் நிறம், விளிம்பின் தேய்மானம் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் நம் ஊர்க் காற்றுதான் எதிரி. மெல்லிய பிவிசி உறையில் போட்டால் கொஞ்ச காலத்தில் பச்சைப் பிசுக்கு பிடிக்கும், எனவே எல்லாவற்றையும் அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, கேமராவுக்கு வாங்கிய, ஈரம் புகாத டிரை கேபினட்டின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். பிராஸோ மாதிரி உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது. பளபளப்பு வரும், எழுத்தின் கூர்மை போய்விடும், அந்த எழுத்துக்காகத்தானே வாங்கினோம்.

பெயர் கிடைத்ததும் கிராஞ்சி போர் நினைவிடப் பட்டியலில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். அங்கே சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், கல்லறை இல்லாமல் போனவர்களுடையவை. என் ஸாப்பர் அதில் இல்லை, போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலிலும் இல்லை. உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன். பிழைத்தவர்களுக்குச் சுவர் கிடையாது, இந்த விளிம்புதான்.

அடுத்து தேடுவது முதல் உலகப் போரின் வெண்கலப் பதக்கம். சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்த அதே பதக்கத்தைப் படையில் கூலி வேலைக்குச் சேர்த்த தொழிலாளர் பிரிவினருக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள், இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. வெள்ளி விலை ஏறியபோது வெள்ளிப் பதக்கங்கள் நிறைய உருக்கப்பட்டுவிட்டன, வெண்கலம் அந்த வகையில் தப்பியது. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன், படம் வந்ததும் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு விலை பேச வேண்டும்.