எட்டுக் கைப் பனி

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சப்படுத்தத்தான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் எழுதி மாளாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை ஒரு படம் வரையச் சொல்லி அட்டையாக அச்சடித்துவிட்டார். மிஞ்சியவற்றை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றும்விட்டார். கெட்டிக்காரர். ஒவ்வோர் அட்டையையும் கையாலேயே செய்யும் என் அக்காவைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நவம்பர் கடைசியிலேயே அக்காவின் வசமாகிவிட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். மேசை முழுக்க இங்க் பேடுகள், குட்டையான தூரிகைகள், கனமான வெள்ளை அட்டைகள், காகிதத்தைப் பனித்துகள் வடிவில் வெட்டித்தள்ள இணையத்தில் வாங்கிய பேப்பர் பஞ்ச் கருவிகள்.

அக்கா மை தீட்டுவதைப் பார்ப்பது ஒரு சுகம் என்பதை மறுக்க மாட்டேன். தூரிகையை நேரே அட்டையில் வைத்தால் திட்டு விழுந்துவிடும். அதனால் கீழே விரித்திருக்கும் பழைய தாளில் தொடங்கி, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே அட்டைக்குள் வர வேண்டும். முதலில் வெளிர் நீலம், அதன்மேல் கருநீலம், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் ஊதா. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று தெரியாது. பிறகு விரல்களைத் தண்ணீரில் நனைத்துச் சுண்டுவாள். துளி விழுந்த இடத்தில் மை வெளுக்கும். வானத்தில் பனி கொட்டத் தொடங்கும். ஜன்னலுக்கு வெளியே 32 டிகிரி வெயில்.

பஞ்ச் வேறு கதை. முறுக்கு நமுத்துப்போவது நமக்குத் தெரியும். பினாங்கின் ஈரக்காற்றில் அட்டையும் நமுத்துப்போகும். பஞ்ச் அதைக் கடிக்குமே தவிர வெட்டாது. அலுமினியத் தாளைச் சில தடவை வெட்டினால் பஞ்ச் கருவிக்குக் கூர் திரும்ப வரும், மெழுகுத் தாளை வெட்டினால் சிக்காமல் நகரும் என்று அக்கா எங்கோ கற்றுவந்தாள். உண்மைதான், வேலை செய்கிறது. ஆனால் அன்று அம்மா கோழியைச் சுற்றி அடுப்பில் வைத்த அலுமினியத் தாளில் வரிசையாக ஓட்டைகள். மசாலாச் சாறு முழுவதும் தட்டில் ஒழுகிக் கருகிவிட்டது.

உண்மையான கலவரம், வெட்டிய பனித்துகள்களை ஒட்டும்போதுதான் வந்தது. நான்காம் படிவத்தில் படிக்கும் அக்காவின் மகன் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து எண்ணினான்.

“அம்மா, இதற்கு எட்டுக் கை இருக்கிறது. பனித்துகளுக்கு ஆறுதான்.”

தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்ளும், ஏன் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611இலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார் என்று பையன் அடுக்கினான். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் சமையலறைக்குள் நழுவிவிட்டேன். அங்கிருந்தும் நன்றாகவே கேட்டது.

பனியை நேரில் கண்டவர் எங்கள் குடும்பத்தில் மாமா ஒருவர்தான். அதுவும் கெந்திங் மலையில், ஒரு கட்டடத்துக்குள், டிக்கெட் எடுத்து. அவரைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

“நான் பார்த்ததற்குக் கையே இல்லையே. சிரப் ஊற்றாத ஐஸ் கச்சாங்கின் துருவிய ஐஸ் மாதிரி இருந்தது.”

அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். “நட்சத்திரம் என்று சொல்லிவிடு. ஞானிகள் மூவரும் கையை எண்ணிப் பார்த்துவிட்டா பெத்லகேமுக்குப் புறப்பட்டார்கள்?”

நட்சத்திரங்கள் கொட்டும் இரவு வானம் என்ற புதுப் பெயரோடு அட்டைகள் உறைக்குள் போயின. முதல் அட்டை பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு. தன் கார் எண்ணில் சீனர்களுக்கு ராசியான எட்டு இருக்க வேண்டும் என்று காத்திருந்து பதிந்தவர் அவர். வாசலில் நின்றபடியே கைகளை எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். சீனப் புத்தாண்டுக்கு இதே மாதிரி இருபது வேண்டுமாம். நீலம் வேண்டாம், சிவப்பு. வெள்ளைத் துகள் கூடவே கூடாது, தங்கம்.

“தங்க நிறத்தில் பனியா?” என்று தொடங்கினான் பையன்.

“நீ பசையைத் தடவு,” என்றாள் அக்கா.